பெருங்குடல் சோதனை: 45-இல் தொடங்குவதா, 50-இல் தொடங்குவதா?

சுங்கை சிப்புட் ஆசிரியர்:
எனக்கு வயது 46. குடும்பத்தில் எவருக்கும் பெருங்குடல் புற்றுநோய் வந்ததில்லை. எனக்கும் அறிகுறி எதுவும் இல்லை. அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் 2018-இலும், அந்நாட்டுத் தடுப்புச் சேவைப் பணிக்குழு 2021-இலும் சோதனை தொடங்கும் வயதை 50-இலிருந்து 45-க்கு இறக்கிவிட்டன. நம் மலேசியாவின் 2017-ஆம் ஆண்டு வழிகாட்டியோ 50 முதல் 75 வயது வரை என்கிறது. குடலில் முளைக்கும் சிறு கட்டி புற்றாக மாறப் பெரும்பாலும் 10 ஆண்டுகள் ஆகும் என்றால், 52 வயதில் வரக்கூடிய நோயை 45-இலேயே கிள்ளி எறிய முடியுமல்லவா? நம் வயதினர் அனைவரும் கொலோனோஸ்கோப்பி, அதாவது கேமராக் குழாயைக் குடலுக்குள் செலுத்திப் பார்த்து, கட்டி இருந்தால் எடுக்கும் சோதனை, செய்துகொள்ள வேண்டும் என்பதே என் கருத்து.

ஓய்வுபெற்ற தாதி:
தம்பி, அமெரிக்கர்கள் வயதை இறக்கியதற்குக் காரணம், 50-க்குக் கீழ்ப்பட்டோரிடம் அங்கே இந்நோய் கூடிவருவதும், அதை வைத்துக் கணினியில் போட்ட மாதிரிக் கணக்குகளும்தான். அவர்களும் கொலோனோஸ்கோப்பி ஒன்றையே வற்புறுத்தவில்லை. மலத்தில் கண்ணுக்குத் தெரியாத இரத்தம் உண்டா என்று ஆண்டுதோறும் பார்க்கும் மலச்சோதனையையும் ஏற்கிறார்கள். போலந்து, நோர்வே, சுவீடன் நாடுகளில் 55 முதல் 64 வயது வரையிலான ஏறத்தாழ 85,000 பேரிடம் நடத்தி 2022-இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். 10 ஆண்டுகளில், கொலோனோஸ்கோப்பிக்கு அழைக்கப்படாதவர்களில் 1.20 விழுக்காட்டினருக்கும் அழைக்கப்பட்டவர்களில் 0.98 விழுக்காட்டினருக்கும் புற்றுநோய் வந்தது. ஒருவருக்கு நோய் வராமல் தடுக்க 455 பேரை அழைக்க வேண்டியிருந்தது. நோய் அதிகம் வரும் அந்த வயதிலேயே கணக்கு இப்படி என்றால், 45-இல் பலன் இன்னும் சிறியதாகத்தானே இருக்கும்?

சுங்கை சிப்புட் ஆசிரியர்:
அக்கா, அழைக்கப்பட்டவர்களில் 42 விழுக்காட்டினரே சோதனைக்கு வந்தார்கள் என்பதை விட்டுவிட்டீர்கள். எல்லாரும் வந்திருந்தால் நோய் ஏறத்தாழ 31 விழுக்காடு குறைந்திருக்கும் என்று அதே ஆய்வாளர்கள் மதிப்பிட்டுள்ளனர். வராதவர்களைச் சேர்த்து எண்ணிவிட்டு மருந்து பலிக்கவில்லை என்பது முறையாகாது.

செம்பனை மண்டோர்:
சார், அவர்கள் ஏன் வரவில்லை என்பதை நான் சொல்கிறேன். மலச்சோதனையில் இரத்தம் தெரிந்ததால் என் அப்பாவைக் கொலோனோஸ்கோப்பிக்கு அனுப்பினார்கள். முந்தைய இரவு குடலைச் சுத்தமாக்கும் பொட்டல மருந்தைத் தண்ணீரில் கரைத்துக் குவளை குவளையாகக் குடித்துவிட்டு, லயத்தின் பின்னாலுள்ள கழிவறைக்கு அவர் பதினான்கு முறை நடந்தார். ஒவ்வொரு முறையும் நான் டார்ச் விளக்கோடு வாசலில் நின்றேன். மயக்க ஊசி போடுவதால் திரும்பும்போது மோட்டார் ஓட்டக்கூடாது என்றார்கள். ஆகவே ஐப்போவுக்கு நானும் போக, எனக்கும் ஒரு நாள் கூலி போயிற்று. அப்பாவுக்கு இரண்டு சிறு கட்டிகளை எடுத்தார்கள், அது நல்லதே. ஆனால் இரத்தமே தெரியாத 45 வயதுக்காரன் ஒவ்வொருவனும் இந்தப் பாட்டைப் பட வேண்டும் என்றால் எங்கள் தோட்டத்தில் ஒருவரும் வரமாட்டார்கள்.

ஓய்வுபெற்ற தாதி:
மண்டோர் தம்பி சொல்வதுதான் என் வாதமும். மலச்சோதனைக்குப் பட்டினி வேண்டாம், விடுப்பும் வேண்டாம். குச்சியால் சிறிது தொட்டுக் குப்பியில் இட்டு, 50 தாண்டியவர்கள் சுகாதார கிளினிக்கில் கொடுத்தால் போதும். இரத்தம் தெரிந்தால் மட்டும் கொலோனோஸ்கோப்பி. ஆனால் அதைத் தட்டிக்கழித்தால் முதல் சோதனை செய்ததே வீண். நான் வேலையில் இருந்தபோது, முடிவு வந்த பிறகும் தீபாவளி கழியட்டும் என்று தள்ளிப் போட்டவர்களைக் கண்டிருக்கிறேன். குடலில் துளை விழுவது பத்தாயிரத்தில் ஒருசிலருக்கே நேர்ந்தாலும், அந்த ஆபத்தும் கொலோனோஸ்கோப்பிக்கு உண்டு. இன்னொன்று: மலத்தில் கண்ணாலேயே இரத்தம் கண்டவர்கள் 30 வயதானாலும் இந்த விவாதத்திற்குள் வரமாட்டார்கள், அவர்கள் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

சுங்கை சிப்புட் ஆசிரியர்:
தோட்டம் முழுவதற்கும் கொலோனோஸ்கோப்பி என்ற என் பேச்சைத் திரும்பப் பெறுகிறேன்; வயதைப் பற்றியதை அல்ல. 45-இல் மலச்சோதனையையாவது தொடங்கலாம் என்பேன்.

செம்பனை மண்டோர்:
எனக்கு 48, சார். குப்பி கொடுத்தால் நாளைக்கே கொண்டுவந்து தருகிறேன்.