காபிக் கோப்பையில் வரைந்த பஸ்ஸின் பின்சக்கரம் உரிந்துவிட்டது, என்ன செய்வது?

நெல்லைக்காரி கேட்டது:
என் மகனுக்கு எட்டு வயது. அவனுடைய அப்பா பஸ் ஓட்டுநர். தந்தையர் தினம் ஜூன் மூன்றாவது ஞாயிறு என்று பள்ளியில் கேட்டுவந்தவன், வெள்ளைப் பீங்கான் கோப்பை வாங்க வைத்து, அக்ரிலிக் வண்ணத்தில் பஸ் வரைந்தான். சிவப்பு பஸ், முன்கண்ணாடிக்குப் பின்னால் மீசையோடு ஒரு தலை, ஊர்ப் பெயர் இருக்கவேண்டிய பலகையில் 'அப்பா'. நான்கு நாள் காயவைத்துத்தான் கொடுத்தோம்.

இவர் அதிகாலை நாலரைக்குக் கிளம்பும்போது அதில்தான் காபி வேண்டும் என்கிறார். மூன்றாம் முறை கழுவும்போது பின்சக்கரம் வெயிலில் காய்ந்த தோல்போல உரிந்து நாரோடு வந்துவிட்டது. பையன் இன்னும் பார்க்கவில்லை. கோப்பையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன். மேலே வார்னிஷ் பூசினால் நிற்குமா? சூட்டில் வைத்தால் பிடிக்கும் என்கிறாள் பக்கத்து வீட்டுக்காரி. வீட்டில் ஓவன் இல்லை, இட்லிப் பானைதான் இருக்கிறது.

சாக்பீஸ் தூள்:
இட்லிப் பானையில் வைத்தால் மிச்ச மூன்று சக்கரமும் போய்விடும்! ஓவிய வகுப்பு எடுக்கிறவன் என்பதால் சொல்கிறேன். பீங்கானின் மேற்பூச்சு கண்ணாடி மாதிரி. வண்ணம் ஊடுருவ அதில் துளை கிடையாது. அக்ரிலிக் என்பது காய்ந்தபின் ஒரு பிளாஸ்டிக் ஏடு. சுடுநீர் பட்டால் இளகும், நார் பட்டால் உரியும். வார்னிஷ் பூசினாலும் அடியில் பிடிப்பில்லை, ஏடு தடிக்கும், அவ்வளவுதான். அதோடு இந்த வண்ணமும் வார்னிஷும் வாயில் படுவதற்காகச் செய்தவை அல்ல. காபி குடிப்பதை இன்றே நிறுத்துங்கள்.

பீங்கானுக்கென்றே வண்ணம் இருக்கிறது. பெபியோ என்ற வண்ண நிறுவனத்தின் 'போர்சலைன் 150' என்றால், ஒரு நாள் காயவிட்டு, ஓவனில் 150 டிகிரியில் 35 நிமிடம் சுடவேண்டும். அதையும் வெளிப்புறத்தில் மட்டும், உதடு படும் விளிம்பிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளியே தீட்டச் சொல்வேன். பேனா போட்டுவைக்க என்றால் எந்த வண்ணமும் போதும்.

இரண்டு பெண்களின் தகப்பன்:
ஓட்டுநருக்குத் துண்டு வேண்டாமா? துணிக்கு ஓவன் வேண்டாம், இஸ்திரிப் பெட்டி போதும். ஆனால் புதுத் துண்டை முதலில் ஊறவைத்துத் துவைத்துக் கஞ்சியை எடுத்துவிடுங்கள். என் மூத்தவள் அதைச் செய்யாமல் ஃபேப்ரிக் பெயிண்டில் பெரிய மீன் வரைந்து கொடுத்தாள். முதல் துவைப்பிலேயே செதிலும் வாலும் வாளித் தண்ணீரில் கரைந்துவிட்டன. கண் மட்டும் தங்கிவிட்டது. இரண்டு வருடமாக என் தோளிலிருந்து அது ஊரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

வரைந்து ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். பிறகு துண்டைத் திருப்பிப்போட்டு, ஆவி இல்லாமல், படத்தின் பின்பக்கத்தில் இஸ்திரி போடுங்கள். இளையவள் அப்படிச் செய்த கைக்குட்டை இன்னும் அப்படியே இருக்கிறது.

தாழ்வாரம்:
ஒன்றே ஒன்று. பையனுக்குத் தெரியாமல் நீங்கள் சக்கரம் வரைந்துவிடாதீர்கள். சிறுவயதில் அப்பாவுக்கு நான் செய்த வாழ்த்தட்டையில் யானையின் தும்பிக்கையை என் அத்தை 'கொஞ்சம் சரிசெய்தார்'. எனக்கு ஐம்பது வயதாகிறது, அது இன்னும் என் யானை இல்லை.

நெல்லைக்காரி:
எல்லோருக்கும் நன்றி. பையனிடம் சொல்லிவிட்டேன். அழுவான் என்று பார்த்தால், "பஞ்சர்தானே, டெப்போவில் நிற்கட்டும்" என்றான். கோப்பை இப்போது அலமாரியில், இவருடைய பேனாக்களோடு நிற்கிறது. காபி பழையபடி எவர்சில்வர் டம்ளருக்குப் போய்விட்டது; இவருக்குத்தான் முகம் சுருங்கிவிட்டது.

துண்டில் பஸ்ஸோடு ஸ்டெப்னியும் வரையப்போகிறானாம். புதிதாக வாங்கத் தேவையில்லை என்று இவருடைய நல்ல வெள்ளைத் துண்டையே எடுத்து ஊறவைத்துவிட்டான். நாளைக் காலை நாலரைக்கு அதைத் தேடுவார். என்ன பதில் சொல்வது என்றும் யாராவது சொல்லுங்கள்.