வாடகை வீட்டுத் தோட்டம்: சுவரோரம் டிடெக்டர் கத்துகிறது, வழி சொல்லுங்கள்

இங்கிலாந்தில் மெட்டல் டிடெக்டர் பயன்படுத்தும் நண்பர்களே, ஒரு உதவி. வீட்டுக்காரரிடம் எழுத்தில் அனுமதி வாங்கியாச்சு. கிடைப்பதில் யாருக்கு எவ்வளவு என்பதும் அதிலேயே இருக்கிறது. 300 வருஷத்துக்கு மேல் பழைய வெள்ளிக் காசு இரண்டு சேர்ந்து கிடைத்தால் 14 நாளுக்குள் கொரோனருக்கு (மரணங்களையும் புதையல்களையும் விசாரிக்கும் அதிகாரி) சொல்ல வேண்டும், அதுவும் தெரியும்.

சிக்கல் சுவரோரம்தான். டிடெக்டர் வி.எல்.எஃப் (மிகக் குறைந்த அதிர்வெண்ணில் வேலை செய்யும்) வகை. சென்சிட்டிவிட்டியைப் பாதியாகக் குறைத்து, கிரவுண்ட் பேலன்ஸ் (மண்ணால் வரும் சத்தத்தை ஒதுக்கும் அமைப்பு) செய்து, வைஃபையையும் அணைத்துப் பார்த்தாச்சு. ஆனாலும் துருப்பிடித்து வளைந்த ஆணிகூட வெள்ளிக் காசு மாதிரி உச்சத் தொனியில் கத்துகிறது. 90 டிகிரி திரும்பி நின்று டிடெக்டரை வீசினால் சத்தம் விட்டுவிட்டு வருகிறது, அதை வைத்துத்தான் இரும்பு என்று ஒதுக்குகிறேன். 11 அங்குலக் காயிலை (தரைமேல் வீசும் வட்டத் தலை) எடுத்துவிட்டு 6 அங்குலம் போட்டால், ஆணிகளுக்கு நடுவே கிடக்கும் காசு தனியாகத் தெரியுமா? ரெக்கவரி ஸ்பீடை (ஒரு உலோகத்தைக் காட்டியபின் அடுத்ததற்குத் தயாராகும் வேகம்) கூட்டினால் ஆழம் எவ்வளவு குறைகிறது?