ஆறு பாம்பு, ஒரே சுவர்: ரேக் போதுமா, பெரிய பெட்டி வேண்டுமா?

நெளிவு:
வணக்கம். என்னிடம் பால் பைதான் (Ball Python, பந்துபோலச் சுருளும் ஆப்பிரிக்க மலைப்பாம்பு) மூன்று, கார்ன் ஸ்னேக் (ஒல்லியான அமெரிக்கப் பாம்பு) இரண்டு, கென்யா சாண்ட் போவா (மண்ணில் புதைந்து வாழும் சிறிய பாம்பு) ஒன்று, ஆக ஆறு பாம்புகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலமுள்ள கண்ணாடித் தொட்டியில் இருக்கிறது. எல்லாமே மேலே திறக்கும் மூடி, அதனால் ஒன்றன்மேல் ஒன்று அடுக்க வழியில்லை. மேசை போட்டு அறை முழுக்கப் பரப்பி வைத்திருக்கிறேன். அடுத்த மாதம் சிறிய அறைக்கு மாறுகிறேன். அங்கே பாம்புகளுக்கு 8 அடிச் சுவர் ஒன்றுதான் கிடைக்கும்.

இரண்டு யோசனை. ஒன்று, இழுப்பறை மாதிரி பிளாஸ்டிக் டப்புகளைச் சொருகி வைக்கும் ரேக். இன்னொன்று, கார்ன் ஸ்னேக் இரண்டையும் ஒரே தொட்டியில் விடுவது. இரண்டும் பெண்தான். என்ன செய்யலாம்?

செதில்:
ரேக் வாங்குங்கள் தம்பி. என்னுடைய 14 பாம்பும் ரேக்கில்தான் இருக்கின்றன. 3 அடிக்கு 2 அடி தரை இருந்தால் உங்கள் ஆறும் அதில் அடங்கிவிடும். டப்பை இழுத்தால் பாம்பு கண்முன்னே. தண்ணீர் மாற்ற, கழிவை எடுக்க ஐந்து நிமிடம் போதும். பின்பக்கம் ஓடும் ஹீட் டேப் என்ற சூடேற்றும் பட்டையால் ஒரு முனை சூடாகவும் மறுமுனை குளிர்ச்சியாகவும் இருக்கும். நாலு பக்கமும் அடைப்பு என்பதால் ஈரப்பதம் நிற்கும். கம்பிவலை மூடி போட்ட தொட்டியில் 60 சதவீத ஈரப்பதத்தைப் பிடித்து வைக்க எத்தனை பேர் அல்லாடுகிறார்கள் என்று பாருங்கள். காட்டில் பால் பைதான் கரையான் புற்றிலும் எலி வளையிலும் கிடக்கிற பாம்பு. இருட்டும் இடுக்கும்தான் அதற்கு வீடு.

கார்ன் இரண்டையும் மட்டும் சேர்த்து வைக்காதீர்கள்.

நிலவொளி:
கடைசி வரிக்கு முழு ஆதரவு. பெண்ணும் பெண்ணும் என்றாலும் சூடான மறைவிடத்தை ஒன்று பிடித்துக்கொள்ளும், மற்றது குளிர்ந்த மூலையில் கிடக்கும். பார்ப்பவருக்கு இரண்டும் சுருண்டு படுத்திருப்பதுபோலத் தெரியும். எது எலியைக் கக்கியது, எது கழித்தது என்பதும் தெரியாது. எலி வாசனை ஒட்டியிருக்கும்போது ஒன்றையொன்று கவ்விக்கொண்ட கதைகளும் உண்டு.

மற்றதில் நான் மாறுபடுகிறேன். புற்று அந்தப் பாம்பு பகலில் தூங்கும் இடம். இரவில் அது வெளியே வருகிறது, மரம் ஏறுகிறது. நைஜீரியாவில் பால் பைதான்களின் இரையைப் பார்த்து 1998-ல் வெளியான ஆய்வில், ஆண் பாம்புகள் பெரும்பாலும் பறவைகளைத் தின்றிருந்தன. புற்றுக்குள் முடங்கிக் கிடக்கும் பாம்புக்குப் பறவை எங்கிருந்து கிடைக்கும்? நாம் அதன் படுக்கையறையை மட்டும் கட்டிக் கொடுத்துவிட்டு அதுதான் முழு வீடு என்கிறோம்.

4 அடிப் பாம்பு 3 அடி டப்பில் உடம்பை நேராக நீட்டவே முடியாது. எனக்கு அந்த ஒன்றே போதும்.

செதில்:
அக்கா, நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு பால் பைதானை 4 அடிக் கண்ணாடித் தொட்டியில் வைத்தேன். நான்கு மாதம் வாய் வைக்கவில்லை. இரவெல்லாம் மூக்கைக் கண்ணாடியில் தேய்த்து உதட்டுச் செதில் சிவந்துவிட்டது. ரேக் டப்புக்கு மாற்றிய மறுவாரம் எலியை எடுத்தது, அன்றிலிருந்து ஒரு வேளைகூடத் தவறியதில்லை. பெரிய இடம் அதற்குப் பயம். நீங்கள் சொல்வது மனிதக் கண்ணுக்கு அழகு, அவ்வளவுதான்.

நிலவொளி:
அந்தத் தொட்டியில் என்ன இருந்தது?

செதில்:
ஒரு மறைவிடம், தண்ணீர்க் கிண்ணம், ஒரு கட்டை.

நிலவொளி:
நாலு பக்கமும் கண்ணாடி, நடுவே ஒரே ஒரு மறைவிடம் என்றால் அது வெட்டவெளி. பாம்பு பயந்தது வெட்டவெளிக்கு. டப்பில் நாலு பக்கமும் மறைப்பு கிடைத்தது, பயம் போனது. அதே 4 அடிப் பெட்டியில் மூன்று பக்கத்தை அடைத்து, சூடான முனையில் ஒன்றும் குளிர்ந்த முனையில் ஒன்றுமாக உடம்பு உரசும் அளவுக்கு இறுக்கமான இரண்டு மறைவிடம் வைத்து, நடுவில் காய்ந்த இலை, மரப்பட்டை, கிளை என்று தரையே தெரியாதபடி நிரப்பிப் பாருங்கள். என் பெண் பாம்பு மாலை மங்கினால் கிளையில்தான் இருக்கும். நடு இரவில் எழுந்தால் அது பெட்டி முழுக்கச் சுற்றிவருவதைப் பார்க்கலாம். ஏழு வருடமாகச் சாப்பாட்டில் குறையே இல்லை.

2021-ல் ஜெர்மனியில் பால் பைதான்களை ரேக்கிலும் டெர்ரேரியத்திலும் (கிளை, மறைவிடம் எல்லாம் வைத்த பெட்டி) மாற்றி மாற்றி வைத்துக் கவனித்தார்கள். டெர்ரேரியத்தில் காட்டிய பல நடத்தைகளுக்கு ரேக்கில் இடமே இல்லை என்று தெரிந்தது. அதே ஆண்டு கார்ன் ஸ்னேக்குகளிடம் சிறிய பெட்டி, பெரிய பெட்டி இரண்டையும் திறந்துவிட்டு ஓர் ஆய்வு நடந்தது. அவை பெரியதில்தான் அதிக நேரம் கழித்தன. பாம்பையே கேட்டாயிற்று.

வரிக்கோடு:
நடுவில் ஒரு வார்த்தை. சேர்த்து வைப்பதே தவறு என்று பொதுவாகச் சொல்லிவிட வேண்டாம். என்னிடம் மூன்று கார்ட்டர் ஸ்னேக் (வட அமெரிக்கப் பாம்பு) ஒரே பெட்டியில் இருக்கின்றன. அந்த இனம் காட்டிலேயே கூட்டமாகக் குளிர்காலத்தைக் கழிப்பது. யாரோடு கூடுவது என்று தேர்ந்தெடுத்துப் பழகுவதையும் ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். சாப்பாடு மட்டும் தனித்தனியாக. ஆனால் கிங் ஸ்னேக் வைத்திருப்பவர் என்னைப் பார்த்து முயன்றுவிடாதீர்கள். அது மற்றப் பாம்புகளையே தின்னும் இனம்.

நெளிவு:
சரி, கார்ன் இரண்டும் தனித்தனிதான். ஆனால் அக்கா, பெரிய பெட்டி நல்லது என்று எனக்கும் புரிகிறது. இடம் இல்லையே என்பதுதான் என் கேள்வி.

புற்றுமண்:
இடக் கணக்கை நான் போடுகிறேன். அலமாரி வேலை செய்கிறவன்.

இப்போது உங்கள் தொட்டி ஒன்று நாலரைச் சதுர அடி. ஆறு தொட்டிக்கு 27 சதுர அடி தரை போகிறது. முன்பக்கம் கதவுள்ள பிவிசி பெட்டி, 4 அடி நீளம், 2 அடி ஆழம், 2 அடி உயரம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். 8 அடிச் சுவரில் பக்கம் பக்கமாக இரண்டு வரிசை, ஒவ்வொன்றிலும் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று பெட்டி. ஆறு பெட்டியையும் இப்படி அடுக்கினால் தரையில் போவது 16 சதுர அடி. போவாவைத் தவிர மற்ற ஐந்துக்கும் தரை நாலரையிலிருந்து 8 ஆகிறது, உங்களுக்கு 11 சதுர அடி மிச்சம். உங்கள் இடத்தைத் தின்றது பாம்பு இல்லை, மேலே திறக்கும் அந்த மூடி.

அடுக்கும் வரிசையைக் கவனியுங்கள். கீழ்ப் பெட்டியின் கூரையில் உள்ள சூடேற்றும் தட்டு (ஹீட் பேனல்) மேல்பெட்டியின் தரையையும் சூடாக்கும். அதனால் இரண்டு வரிசையிலும் அடியில் கார்ன் ஸ்னேக். அதற்குச் சூடான முனை 29, 30 டிகிரி போதும், குளிர்ந்த முனை 23-க்குப் பக்கம் இருக்க வேண்டும். அதற்கு மேலே பால் பைதான்கள், சூடான முனை 32 டிகிரி. பெட்டிக்குப் பெட்டி ஓர் அங்குல இடைவெளி விடுங்கள். ஒவ்வொன்றுக்கும் சூட்டைக் கட்டுப்படுத்தும் தனி தெர்மோஸ்டாட். ஒரே தெர்மோஸ்டாட்டில் ஆறையும் கோத்தால் சென்சார் இருக்கும் பெட்டி மட்டும்தான் சரியாக இருக்கும், உச்சியில் உள்ளது வேகும். ரேக்கிலும் இதே பிரச்சினை உண்டு, செதில் அண்ணாவுக்குத் தெரிந்திருக்கும்.

சாண்ட் போவாவுக்கு உயரம் வேண்டாம். 3 அடி நீளம், 1 அடி உயரமுள்ள பெட்டியில் அரை அடிக்கு மரச்சுருள் போட்டு இரண்டாவது வரிசையின் உச்சியில் வையுங்கள். அது புதைந்தே வாழும். சூடேற்றும் விரிப்பு (ஹீட் மேட்) அடியில் இருந்தால் தெர்மோஸ்டாட்டின் சென்சாரும் அடித்தரையில், மேட்டுக்கு நேர்மேலே இருக்க வேண்டும். மேல்பரப்பில் வைத்தால் அங்கே 33 காட்டும்போது அடியில் எவ்வளவோ ஏறியிருக்கும். புதைகிற பாம்பு நேராக அந்தச் சூட்டில் போய்ப் படுத்து வயிறு வெந்துபோகும். கடைசியாக, இரண்டு வரிசையையும் சுவரோடு திருகாணி போட்டுப் பிணையுங்கள்.

செதில்:
கணக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உண்ணி வந்தால் என்ன செய்வீர்கள்? இலை, பட்டை, கிளை என்று நிரப்பிய ஆறு பெட்டியையும் மொத்தமாகக் காலி செய்ய வேண்டும். டப்பில் காகிதத்தைச் சுருட்டி எறிந்தால் முடிந்தது.

நிலவொளி:
இதில் நீங்கள் சொல்வது நியாயம். அதனால்தான் புதிதாக வரும் பாம்பை 90 நாள் வேறு அறையில், காகிதம் விரித்த டப்பில் வைக்கிறேன். உண்ணி மட்டும் இல்லை, மலைப்பாம்புகளுக்கு வரும் நிடோவைரஸ் மூச்சுக்குழாயைத் தாக்கும், முதலில் வெளியே தெரியவே தெரியாது. தனிமைப்படுத்தலுக்கும் சிகிச்சைக்கும் டப்பைப்போல வசதியானது வேறில்லை. ஆனால் உண்ணி புகுந்துவிட்டால் ரேக்கில் டப்புக்கு டப் நடந்தே போய்விடும், நடுவில் தடுப்பு ஏது?

90 நாள் இருக்கும் இடம் வேறு, ஆயுள் முழுக்க இருக்கும் இடம் வேறு. பால் பைதான் 20, 30 வருடம் வாழும். செயின்ட் லூயிஸ் விலங்குக் காட்சியகத்துக்கு 1961-ல் வந்த ஒன்று 2020-ல் முட்டையிட்டது. ரேக்குக்கும் அடுக்குப் பெட்டிக்கும் நெளிவின் வீட்டில் வித்தியாசம் 10 சதுர அடி. அந்தப் பத்துக்காக முப்பது வருடம் நீட்டி நிமிராமல் ஓர் உயிரை வைக்கலாமா?

செதில்:
அவருக்குப் பத்து சதுர அடி. எனக்கு? 14 பாம்புக்கும் 4 அடிப் பெட்டி என்றால் என் அறையில் நான் நிற்க முடியாது.

நிலவொளி:
அப்படியென்றால் அந்த அறைக்கு 14 அதிகம்.

செதில்:
இதைச் சொல்வது எளிது. பதினான்கில் எட்டு, மற்றவர்கள் வேண்டாம் என்று விட்டுப்போனவை. ஒன்று வாயில் புண்ணோடு வந்தது. இன்னொன்று முதுகெலும்பு தெரிய இளைத்து வந்தது. நான் வாங்கிக்கொள்ளவில்லை என்றால் அவை செத்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் மாதாமாதம் எடை பார்த்து எழுதிவைக்கிறேன். ரேக்கில் இருப்பதால் மட்டும் நான் அக்கறை இல்லாதவன் ஆகிவிட மாட்டேன்.

நிலவொளி:
அந்த எட்டைப் பற்றி எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த வாக்கியத்தை அப்படி வெட்டி எழுதியிருக்க மாட்டேன். உங்கள் அக்கறையை நான் சந்தேகப்படவில்லை.

ஆனாலும் இளைத்து வந்த பாம்பைத் தேற்ற உதவிய டப், தேறிய பிறகும் அதற்குப் போதும் என்று என்னால் சொல்ல முடியவில்லை. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றச் சொல்லவில்லை. உங்களிடம் இருப்பதில் நீளமானது எது?

செதில்:
ஒரு பெண் பால் பைதான். நாலரை அடி. வாயில் புண்ணோடு வந்ததும் அதுதான்.

(மறுநாள்)

செதில்:
நேற்று இரவு 11 மணிக்கு அதன் டப்பை இழுத்துப் பார்த்தேன். முன்விளிம்பில் தலையைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தது. நான் இதுவரை பசி என்றே எடுத்துக்கொண்டேன், ஆனால் சாப்பிட்டு நான்கு நாள்தான் ஆகிறது. பெரிய பாம்புகள் மூன்றுக்கு 4 அடிப் பெட்டி ஒரு வரிசை அடுக்க முடியுமா என்று சுவரை அளந்தேன். முடியும், என் மேசையை எடுத்துவிட்டால்.

குட்டிகளுக்கும் சிகிச்சையில் இருப்பவற்றுக்கும் ரேக்தான். அதில் என் கருத்து மாறாது.

நிலவொளி:
குட்டிகளைப் பற்றி நாம் இன்னொரு நாள் சண்டை போடலாம் தம்பி. அந்தப் பெண் பாம்புக்குக் கிளை வைக்கும்போது அதன் எடையைத் தாங்கும்படி பக்கச்சுவரில் திருகிவிடுங்கள். சும்மா சாய்த்து வைத்தால் சரிந்து அதன் மேலேயே விழும்.

நெளிவு:
நான் புற்றுமண் சொன்ன அடுக்கையே எடுக்கிறேன். அடியில் கார்ன், மேலே பைதான், உச்சியில் போவா. ஒரே ஒரு சந்தேகம். முன்பக்கம் தள்ளிவிடும் கண்ணாடிக் கதவு என்கிறார்கள். இரண்டு கண்ணாடியும் ஒன்றன்மேல் ஒன்று வரும் இடத்தில் இடைவெளி இருக்குமே?

செதில்:
இருக்கும். பைதானுக்குப் பிரச்சினை இல்லை, கார்ன் ஸ்னேக் ஒல்லியாக இருந்தால் மூக்கை விட்டு நெம்பும். அந்த இடைவெளியில் மேலிருந்து கீழ்வரை ஒட்டும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பட்டை கிடைக்கும், அதை ஒட்டிவிடுங்கள். பூட்டும் போடுங்கள். தம்பி, முதல் வாரம் தினமும் இரவில் படுக்கப் போகுமுன் ஒவ்வொரு கதவையும் கையால் இழுத்துப் பாருங்கள். நான் 14 டப்புக்கும் இன்றுவரை அப்படித்தான் செய்கிறேன்.