காலை உணவுத் திட்டத்திற்குச் சத்துணவு வல்லுநர்களின் வழிகாட்டுதல் தேவை

அனைவருக்கும் வணக்கம். கோலாலம்பூர், செந்தூலில் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்புப் பிள்ளைகளுக்கு நாங்கள் சிலர் சனிக்கிழமைகளில் இலவசமாகப் பாடம் சொல்லித் தருகிறோம். 13 முதல் 16 வயது வரையிலான பையன்களில் பலர் வெறும் வயிற்றோடு, அல்லது ஒரு பொட்டலம் மெகி மீயும் (உடனடி நூடுல்ஸ்) இனிப்புப் பானமும் மட்டும் உட்கொண்டு வருகிறார்கள். பதினொரு மணிக்குள் எரிச்சலும் கைகலப்பும் தொடங்கிவிடுகின்றன.

இதை ஒழுக்கக் குறைவு என்றே நானும் எண்ணியிருந்தேன். ஆனால், இங்கிலாந்தில் 231 இளங்கைதிகளிடம் பெர்னார்ட் கெஷ் குழுவினர் நடத்தி 2002-இல் வெளியிட்ட ஆய்வில், வைட்டமின்களும் தாது உப்புகளும் இன்றியமையாக் கொழுப்பு அமிலங்களும் அடங்கிய மாத்திரைகளைப் பெற்றவர்கள், சத்து எதுவுமற்ற போலி மாத்திரை பெற்றவர்களைவிட ஏறத்தாழ 26 விழுக்காடு குறைவாகவே சிறை விதிகளை மீறினார்கள் என்று படித்தபோது, என் எண்ணத்தை மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. வறுமை, வீட்டுச் சூழல், கூடா நட்பு ஆகியவற்றை உணவு ஈடுசெய்துவிடாது என்பதை அறிவேன். எனினும் பசித்த பிள்ளையைக் கண்டிப்பது நியாயமாகப் படவில்லை.

முப்பது பேருக்கு, தலைக்கு மூன்று ரிங்கிட்டுக்குள், முட்டை, நெத்திலி, கெம்போங் மீன் (கானாங்கெளுத்தி), பயறு, கீரை ஆகியவற்றைக் கொண்டு எத்தகைய காலை உணவு தரலாம்? இரவு வேலை முடித்துக் களைத்துத் திரும்பும் தாய்மார்களின் மனம் புண்படாமல் இதை எப்படிப் பேசுவது? சத்துணவு வல்லுநர்களும், இத்தகைய முயற்சியில் ஈடுபட்டவர்களும் தயவுசெய்து இங்கே பதிலளியுங்கள்.