டி-55 டாங்க் மாடலுக்கு நிழலை நாமே வரைய வேண்டுமா?

அல்சூர் ஏர்பிரஷ்:
தமியா கம்பெனியின் டி-55 டாங்க் மாடலை (1/35, அதாவது நிஜத்தைவிட 35 மடங்கு சிறியது) ஒருவழியாக முடித்தேன். ஓரங்களில் முதலில் எக்ஸ்எஃப்-1 கறுப்பு, அதன்மேல் பச்சை மெல்லிசாக. டரெட் (மேலே சுழலும் பீரங்கிக் கூடு) உச்சிக்குப் பச்சையோடு பஃப் என்ற வெளிர்மஞ்சள் கலந்து வெளுப்பு. ஞாயிறன்று கப்பன் பார்க்கில் காட்டினால் ஒருவர், 'அடிப்பிடித்த தோசை மாதிரி இருக்கு' என்றார். மற்றவர்கள் என்ன சொல்கிறீர்கள்?

ஆவடிக்காரன்:
சொன்னது நான்தான், தம்பி. ஆவடியில் வளர்ந்தவன், விஜயந்தா டாங்க் ஓடுவதைச் சின்ன வயதில் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஓரத்தில் கறுப்புக் கோடு எந்த வண்டியிலும் கிடையாது. அது விமான மாடலில் பழகிய கை. விமானத்தில் தகட்டுக்குத் தகடு கோடு தெரியும். டி-55 டரெட்டின் பக்கச்சுவரோ வார்ப்பு எஃகு. அதில் ஏது பேனல்?

அல்சூர் ஏர்பிரஷ்:
கோடு விஷயம் சரி சார், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வெளுப்பு வேண்டும். மாடலை 30 செ.மீ. தள்ளி வைத்துப் பார்ப்பது, நிஜ வண்டியைப் பத்தரை மீட்டரில் பார்ப்பதற்குச் சமம். அவ்வளவு தூரத்துக் காற்று நிறத்தைக் கொஞ்சம் வெளுக்கும் இல்லையா?

ஆவடிக்காரன்:
பத்தரை மீட்டரில் என்ன பெரிய காற்று? தெருவுக்கு எதிர்ப்பக்கம் நிற்கும் ஆட்டோ உங்களுக்கு வெளுத்தா தெரிகிறது? நந்தி மலை தூரத்தில் நீலமாகத் தெரிகிறது என்றால் நம்புவேன்.

ஜெயநகர் ஜன்னல்:
நடுவில் வருகிறேன். போட்டோ எடுக்கிறவன். வெளுக்க வேண்டும் என்ற ஏர்பிரஷ் தம்பியின் முடிவு சரி, காரணம்தான் தப்பு. உச்சி வெயிலின் வெளிச்சம் ஒரு லட்சம் லக்ஸ் (வெளிச்ச அளவு) வரை போகும். நம் ஹாலில் சில நூறுதான். அதே பச்சை வீட்டுக்குள் கறுத்துப் போவது அதனால். ஆகவே வெளுக்கலாம்.

நிழல் வேறு கதை. நாலடி டியூப்லைட்டை 35 மடங்கு பெருக்குங்கள். நிஜ டாங்குக்கு மேலே 42 மீட்டர் நீள விளக்கு தொங்குகிற மாதிரி! நிழலின் விளிம்பே கரைந்துவிடும். ஃபெண்டருக்கு (சக்கரங்களுக்கு மேலுள்ள மட்கார்டு) அடியில், டரெட் உட்காரும் இடத்தில், முதல் சக்கரத்துக்கும் இரண்டாவதுக்கும் நடுவே உள்ள அந்த அகலமான இடைவெளியில் கையால் கொஞ்சம் இருட்டு சேர்ப்பதில் தப்பில்லை.

ஆவடிக்காரன்:
பள்ளத்தில் சேர்க்கட்டும். அங்கே எந்த வெளிச்சத்திலும் இருட்டுதான். என் சண்டை மேலே வெள்ளை, கீழே கறுப்பு என்று இறங்கும் மாடுலேஷனோடு. ஓடுகிற டாங்கில் புழுதி எங்கே படியும்? கீழேதான். 1971 போரில் நம் படையின் டி-55 மேற்கு எல்லையிலும் ஓடியது. அடிப்பாகம் மேல்பாகத்தைவிட வெளுப்பாக இருக்கும், கறுப்பாக அல்ல. தம்பி அப்படியே தலைகீழாக அடித்திருக்கிறார்.

அல்சூர் ஏர்பிரஷ்:
புழுதி இன்னும் போடவில்லை சார்! இருட்டின் மேல் போட்டால்தான் புழுதி எடுப்பாகத் தெரியும். பச்சையின் மேல் போட்டால் சோகையாகிவிடும்.

ஆவடிக்காரன்:
அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே. பாதி வெந்த சோற்றைக் கொண்டுவந்து ருசி கேட்டால் நான் என்ன செய்ய?

மடிவாளா புதுசு:
அண்ணா, என்னிடம் பெயிண்ட் தெளிக்கும் ஏர்பிரஷே இல்லை. எனக்கு இதில் ஏதாவது உண்டா?

அல்சூர் ஏர்பிரஷ்:
தாராளமாக. அக்ரிலிக் பெயிண்ட் காய்ந்ததும் பளபளக்கும் கிளாஸ் வார்னிஷ் ஒரு கோட். பர்ன்ட் அம்பர் (கரும்பழுப்பு) ஆயில் பெயிண்டை ஒயிட் ஸ்பிரிட் தின்னரில் டீத்தண்ணி பதத்துக்குக் கரைத்து, பள்ளங்களில் மட்டும் பிரஷ் நுனியால் தொட்டு வையுங்கள், தானே ஓடும். கறுப்பு வேண்டாம், அழுக்கு மாதிரி ஆகும். கடைசியில் பளபளப்பைக் குறைக்கும் மேட் வார்னிஷ். இந்தத் தூறலில் ஆயில் காய ஒரு நாளுக்கு மேலே ஆகும், அவசரப்படாதீர்கள்.

ஆவடிக்காரன்:
இதில் மறுபேச்சு இல்லை. தம்பி, புழுதி போட்டு ஞாயிறு கொண்டு வாருங்கள். வெயிலில் வைத்துப் பார்ப்போம்.

ஜெயநகர் ஜன்னல்:
ஜூலையில் வெயிலா? குடையும் கொண்டு வாருங்கள்.