பதில்: மெட்டல் பாட்ட மேடையில ஜாஸா வாசிக்கிறதுக்கு ‘மறுநிரவல்’னு வைக்கலாமா?

ஐயா வணக்கம். மெட்டல்ன்ற கனமான ராக் பாட்ட மேடையில ஜாஸா, அதாவது அங்கயே கற்பனையா மாத்தி மாத்தி வாசிக்கிறதுக்கு தமிழ்ல என்ன சொல் வெக்கலாம்னு குழுவுல வந்த கேள்விக்கு எல்லாரோட பதிலும் படிச்சேன், வேலூர்லர்ந்து என் பங்குக்கு ஒண்ணு சொல்றேன், கொஞ்சம் நீளமா போவும்.

> ‘மறுகற்பனை’யே போதுமே, புதுசா எதுக்கு?

போதாதுங்கய்யா. கதையையும் மறுகற்பனை பண்ணலாம், கட்டடத்தையும் பண்ணலாம், அதுல எது மாறுது எது மாறலன்னு ஒண்ணும் தெரியல. ராணிப்பேட்டை தம்பி சொன்ன ‘மறுவார்ப்பு’ கேக்க அழகாதான் இருக்கு, ஆனா வார்த்தது இறுகிடும் தம்பி. ஜாஸ் மேடையில இன்னிக்கி வாசிச்ச மாதிரி நாளைக்கி வாசிக்க மாட்டாங்களே. ‘தழுவல்’ நாவல், நாடகத்துக்குன்னு போயிடிச்சி, விட்டுடலாம்.

மொதல்ல அங்க இன்னா நடக்குதுன்னு பாப்போம். கார்டுன்னா ஒண்ணா சேந்து ஒலிக்கிற ஸ்வரங்க, மெட்டல் கிட்டார்ல பவர் கார்டுன்னா சட்ஜமும் பஞ்சமமும் (ச, ப) மட்டும்தான், சத்தத்த கரகரப்பாக்கற டிஸ்டார்ஷன் ஏத்தி வெச்சிக்கினு காந்தாரத்தையும் (க) சேத்தா சத்தம் கலங்கிடும்னு அத விட்டுட்டு வாசிக்கிறாங்க, காந்தாரம் இல்லாததால மேஜரா மைனரான்னு அந்த கார்ட மட்டும் கேட்டு சொல்ல முடியாது. அந்த எடம் காலி. ஜாஸ் பியானோக்காரர் கைய வெக்கிறதே அந்த காலி எடத்துலதான், சாதாரண காந்தாரமா (மைனர்) அந்தர காந்தாரமான்னு (மேஜர்) அவர் முடிவு பண்றார், மேல நிஷாதம் ரிஷபம்னு அடுக்கறார், அடுத்த சுத்துல அதே ரிஃபுக்கு (திரும்பத் திரும்ப வர்ற சின்ன கிட்டார் மெட்டு) வேற அடுக்கு. டிரம்ஸ்காரர் சதுஸ்ரமா (நாலு நாலா) நேரா போறத ஸ்விங் பண்ணி திஸ்ரத்து (மூணு மூணு) பக்கம் சாய்க்கிறார். ஆனா கேக்கறவனுக்கு இது இன்ன பாட்டுன்னு தெரியும், ஏன்னா ரிஃபோட மெட்டு நிக்கிது. பிளாக் சபாத்ன்ற மெட்டல் குழுவோட 1970 பாட்டு ‘அயர்ன் மேன்’, அத தி பேட் பிளஸ்னு மூணு பேர் ஜாஸ் குழு ஒண்ணு 2004ல பியானோ, பாஸ், டிரம்ஸ் மட்டும் வெச்சி வாசிச்சாங்க, கேட்டுப் பாருங்க.

இது ஒட்டாத ரெண்ட ஒட்ட வெக்கிற வேலையும் இல்ல. சபாத் மொத ஆல்பத்தோட மொத பாட்டுல ரிஃப் சட்ஜம், மேல் சட்ஜம், பிரதி மத்திமம், அவ்ளோதான். அந்த சட்ஜம்-பிரதி மத்திம இடைவெளிதான் ஜாஸ்ல டாமினன்ட் செவன்த்ன்ற கார்டுல அந்தர காந்தாரத்துக்கும் கைசிகி நிஷாதத்துக்கும் நடுவுல இருக்கு. சபாத்தோட கிட்டாரிஸ்ட் டோனி அயோமிக்கு ஃபேக்டரி மெஷின்ல ரெண்டு விரல் நுனி போனப்ப, தீக்காயத்துக்கு அப்பறம் ரெண்டே விரல்ல சோலோ வாசிச்ச ஜாஸ்காரர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டோட ரெக்கார்ட கேட்டுதான் தைரியம் வந்துது. சொந்தம் பழசு.

இப்ப சொல்லுக்கு வரேன். நம்ம பக்கம் வள்ளிமலை சுவாமிகள் பரப்பின திருப்புகழ எடுத்துக்குங்க, அதுல சந்தம் நிக்கும், பாடறவங்களுக்கு ஏத்த மாதிரி ராகம் மாறும். கச்சேரியில ஒரு வரிய எடுத்து விதவிதமா பாடற நிரவல்ல சாகித்ய வரியும் தாளத்துல அது உக்கார்ற எடமும் நிக்கும், சங்கதி (மெட்டோட வடிவம்) மாறிக்கினே போவும், அதுவும் அந்த நிமிஷத்துல. ஒண்ண நிக்க வெச்சி மத்தத மேடையிலேயே மாத்தறதுன்ற பழக்கம் நம்மகிட்ட இருக்கு, பேரும் இருக்கு. அதோட நாத்து நடறதுக்கு முன்னாடி கழனியில பள்ளத்த நிரவறோம் இல்ல, காலியா கெடக்கிற காந்தாரத்த ரொப்பறதுக்கும் அந்த வினை அப்டியே பொருந்துது. அதான் ‘மறுநிரவல்’னு கேக்கறேன்.

> நிரவலுக்கு ஏற்கெனவே வரையறை இருக்கே, குழப்பம் வராதா?

வரும்ங்கய்யா, அதனாலதான் ‘மறு’ முன்னாடி நிக்கணும்னு சொல்றேன், வெறும் நிரவல்னு யாரும் எழுதக்கூடாது. வினையாவும் ஈஸியா வருது, ‘அந்த பாட்ட மறுநிரவினாங்க’ன்னு சொல்லலாம், ‘மறுகற்பனை செய்தார்கள்’னு இழுக்க வேணாம். ஸ்டுடியோவுல ஒருதரம் அரேஞ்ச் பண்ணி பதிவு பண்றதுக்கு இந்த சொல் வேணாம், அதுக்கு ‘மறுசீரமைப்பு’ இருக்கட்டும். மேடையில நடக்கிறதுக்கு மட்டும் இது.

நாதஸ்வரம், மிருதங்கம் கத்துக்கினவங்க குழுவுல ரெண்டு மூணு பேர் இருக்கீங்க, நிரவல்னு இங்க போடறது உங்க காதுக்கு உறுத்துதான்னு சொல்லுங்க, உறுத்துனா ‘மாற்றுநிரவல்’னு இன்னொண்ணும் வெச்சிருக்கேன், ஆனா எனக்கு மொதல் சொல்லுதான் பிடிச்சிருக்கு.