மறுமொழி: ‘மீப்பகு எண்’: பகுவா, வகுத்தியா?

வணக்கம். கணித மேதை ராமானுசன் ஆராய்ந்த ‘highly composite number’ என்னும் எண்வகைக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற பேச்சில் வந்த இந்த யோசனைக்கு என் மறுமொழி:

> பகு எண் பாடநூலிலேயே இருக்கிறது. முன்னால் ‘மீ’ சேர்த்து ‘மீப்பகு எண்’ என்று வைத்துவிடலாம்.

ஐயா, ‘மீ’ எனக்கு முழுச் சம்மதம். மீப்பெரு பொது வகுத்தி, மீச்சிறு பொது மடங்கு என்று பள்ளியிலேயே பழகிய முன்னொட்டு. ‘உயர்’, ‘அதி’ இரண்டையும்விட நன்றாகப் பொருந்துகிறது. ‘பகு’தான் உறுத்துகிறது.

1915-இல் வெளிவந்த கட்டுரையில் ராமானுசன் தரும் வரையறை இதுதான்: தனக்கு முந்தைய எண்கள் எல்லாவற்றையும்விடக் கூடுதலான வகுத்திகள் (மீதியின்றி வகுக்கும் எண்கள்) உள்ள எண். 12-க்கு ஆறு வகுத்திகள். 11 வரை எதற்கும் நான்குக்கு மேல் கிடையாது. ஆகவே 12 சேரும். அதே கணக்கில் 2-உம் சேரும், ஆனால் 2, ஒன்றையும் தன்னையும் தவிர வேறு வகுத்தி இல்லாத பகா எண் ஆயிற்றே; பகு எண்ணுக்கு நேர் எதிர்! பகா எண்ணை மீப்பகு எண் என்று வகுப்பில் எப்படிச் சொல்வது? ஆங்கிலப் பெயரிலும் இதே கோளாறு உண்டு. புதிதாகப் பெயர் வைக்கும் நாம் அதையும் சுமக்க வேண்டியதில்லை.

பெரிய எண்ணுக்குப் போனால் இன்னும் தெளிவாகும். 2-ஐ 42 முறை பெருக்கினால் நாலு லட்சம் கோடியைத் தாண்டும் பகு எண் வரும். வகுத்திகள் வெறும் 43. ராமானுசன் அந்தக் கட்டுரையில் தந்த இத்தகைய எண்களின் பட்டியலில் கடைசி எண் 67,46,32,83,88,800, ஏறக்குறைய ஆறே முக்கால் லட்சம் கோடி. அதற்கு 10,080 வகுத்திகள்! அதைப் பகா எண்களின் பெருக்கலாகப் பிரித்தால் 2 ஆறு முறை, 3 நான்கு முறை, 5-உம் 7-உம் இரண்டிரண்டு முறை, பிறகு 11, 13, 17, 19, 23 ஒவ்வொரு முறை. இந்த ‘முறை’ எண்ணிக்கை (அடுக்கு) ஒவ்வொன்றோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் வகுத்திகளின் எண்ணிக்கை கிடைக்கும்: 7×5×3×3×2×2×2×2×2 = 10,080.

கணிப்பொறி இல்லாத காலத்தில் போட்ட அந்தப் பட்டியலில் ஒரே ஓர் எண் விடுபட்டது: 2,93,31,86,25,600. அதை 23-ஆல் பெருக்கினால் மேலே சொன்ன கடைசி எண்ணே வருகிறது. நானே தாளில் பெருக்கிப் பார்த்தபோது மெய்சிலிர்த்தது.

ஆக, இங்கே எண்ணப்படுவது வகுத்திகள். பெயரும் அங்கிருந்தே வரட்டும். முதலில் ‘மீவகு எண்’ என்று நினைத்தேன். ஆனால் வகு எண் என்றாலே வகுக்கும் எண் என்று பொருள் வந்துவிடும். அதனால் என் முன்மொழிவு ‘மீவகுத்தி எண்’.

இலங்கைப் பாடநூல்களில் பகா எண் முதன்மை எண், பகு எண் சேர்த்தி எண். ‘பகு’வை வைத்துக் கட்டினால் அங்குள்ள மாணவருக்கு அடிச்சொல்லே அந்நியமாகிவிடும், வகுத்தல் இரு கரைக்கும் பொது.

அதே கட்டுரையில் இவற்றுள்ளும் சிறப்பான ஓர் உட்பிரிவை (superior highly composite number) ராமானுசன் வகுத்திருக்கிறார். அதற்குத் ‘தலை மீவகுத்தி எண்’ எனலாமா? ‘தலை’ சற்று ஒட்டாமல் நிற்பதுபோல் எனக்கே படுகிறது. யாழ்ப்பாண நண்பர்கள் இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து எழுதுங்கள்.